மீட்டு வளர்த்த ஊர்வன இறந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் விடப்பட்ட ஆமை, பட்டினியில் எலும்பும் தோலுமாக வந்த பாம்பு, கால் எலும்பு வளைந்துபோன இகுவானா பல்லி என்று யாரோ கெடுத்துவிட்டதை எடுத்து வளர்த்தவர்களுக்கான பக்கம் இது. துக்கத்தைப் பற்றிய கேள்விகளும், உடலையும் கூண்டையும் என்ன செய்வது என்ற கேள்விகளும் இதில் கலந்தே வருகின்றன. முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியதைத் தவறவிட்டால், "ஏன் செத்தது" என்பதற்குப் பிறகு விடையே கிடைக்காமல் போகலாம். மீட்டு வளர்த்தவர்களை வருடக்கணக்கில் அரிப்பது பெரும்பாலும் அந்த ஒரு கேள்விதான்.

உண்மையிலேயே இறந்துவிட்டதா? எப்படி உறுதிசெய்வது?

நாய், பூனையை விட இங்கே இது கடினம். குளிரில் விறைத்த ஊர்வனவும் குளிர்கால உறக்கத்தில் இருப்பதும் செத்ததைப் போலவே கிடக்கும். பாம்பும் ஆமையும் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே பல நிமிடம் சும்மா இருக்கக்கூடியவை. ஆகவே மூக்கருகே கண்ணாடி பிடித்துப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது.

உடல் குளிர்ந்திருந்தால் முதலில் அதன் வழக்கமான பகல் வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். பாலைநிலப் பல்லி வகைகள் பலவற்றுக்கு அது 28 முதல் 32 டிகிரி செல்சியஸ். வெயில்காயும் விளக்கின் நேர் கீழே வைக்க வேண்டாம். உயிர் இருந்தால் நகர முடியாமல் வெந்துபோகும். சூடேறிய பிறகு வாலையும் கால்விரலையும் மெல்லக் கிள்ளிப் பாருங்கள், மல்லாக்கத் திருப்பினால் புரள முயல்கிறதா என்று பாருங்கள். இமையோரத்தைத் தொட்டுப் பார்ப்பது ஆமைக்கும் பியர்டட் டிராகன், லெபர்ட் கெக்கோ போன்ற இமையுள்ள பல்லிகளுக்கும் பொருந்தும். பாம்புக்கு இமையே கிடையாது, அதனால் அங்கே இந்தச் சோதனைக்குப் பயனில்லை.

விறைப்பு வந்து பிறகு தளர்வது, கண் குழிவது, வயிற்றில் பச்சை நிறம் படர்வது, அழுகல் வாடை ஆகியவை உறுதியான அறிகுறிகள். இவை வருமுன் உறுதி வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரிடம் உள்ள, இதயத் துடிப்பைக் கேட்க உதவும் டாப்ளர் கருவிதான் வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊர்வனவற்றின் இதயத் தசை ஆக்சிஜன் இல்லாமல் நெடுநேரம் தாங்கும். மூளை செத்த பிறகும் இதயம் துடிப்பது சகஜம். எனவே துடிப்பு கேட்பது உயிர் இருப்பதற்குச் சான்றல்ல. நெடுநேரம் துடிப்பே இல்லை என்பதுதான் சாவுக்குச் சான்று.

தண்ணீரில் மூழ்கிய நில ஆமையை உடனே செத்ததாக முடிவுகட்ட வேண்டாம். தலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை மெல்ல உள்ளும் வெளியும் அசைத்துத் தண்ணீரை வடியவிட்டு, மருத்துவரிடம் கொண்டு ஓடுங்கள். மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தவை பிழைத்ததுண்டு.

இறந்தது உறுதி. இப்போது உடனே என்ன செய்வது?

முதலில் உடலை வெப்பத்திலிருந்து எடுங்கள். விளக்கடியில் கிடக்கும் உடல் சில மணி நேரத்திலேயே உள்ளே சிதையத் தொடங்கும். இரண்டு ஜிப் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, இறந்த தேதியும் நேரமும் எழுதி, மூடிய டப்பாவில் உணவுப் பொருளிலிருந்து தள்ளி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரி போதும். ஃப்ரீசர் வேண்டாம். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும், நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கவே முடியாது. மூன்று நாளுக்குள் ஆய்வுக்குக் கொண்டுசெல்ல வழியே இல்லை என்றால் மட்டும் உறையவையுங்கள். வைரஸ் மரபணுச் சோதனையாவது அப்போதும் நடக்கும்.

அடுத்தது கூண்டு. கண்ணில் படவே வேண்டாம் என்று உடனே கழுவிக் கவிழ்க்கத்தான் கை போகும். ஒரு மணி நேரம் பொறுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெயில்காயும் இடத்தின் மேற்பரப்பு வெப்பம், குளிர்ந்த மூலையின் வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கின் தயாரிப்புப் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். கடைசி எச்சம் இருந்தால் சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள். "வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போயிருந்ததோ" என்று ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் தோன்றும்போது இந்த எண்கள்தான் பதில் சொல்லும்.

உடற்கூறாய்வு அவசியமா? வெட்டுவதை நினைத்தாலே தாங்கவில்லை.

கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் செய்யச் சொல்லியே வற்புறுத்துவோம். லெபர்ட் கெக்கோவை மெலியவைத்துக் கரைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, மலைப்பாம்புகளின் மூச்சுமண்டலத்தைத் தாக்கும் நிடோவைரஸ், பியர்டட் டிராகன்களின் அடினோவைரஸ், போவாக்களையும் பைத்தான்களையும் கொல்லும் உள்ளடக்கப் பொருள் நோய் (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) போன்றவை அடுத்த கூண்டுக்கும் பரவுபவை.

24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொண்டுசெல்வது நல்லது. எடைக் குறிப்பு, கடைசியாகத் தின்றது, கொடுத்த மருந்துகள், கூண்டின் படங்கள் எல்லாவற்றையும் கூடவே கொடுங்கள். வெட்டிப் பார்த்ததும் தெரிவது அன்றே தெரியும், திசுப் பரிசோதனை முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். உடலைத் திரும்பத் தைத்துத் தர வேண்டுமா, அங்கேயே எரித்துவிடலாமா என்பதை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் பல இடங்களில் காலம் கடந்திருக்கும். எல்லாம் செய்தும் "காரணம் உறுதியாகவில்லை" என்று அறிக்கை வருவதும் உண்டு. அப்போதும் என்னென்ன காரணம் இல்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

தேறி வந்தது, சாப்பிடவும் தொடங்கியது. பிறகு திடீரென்று போய்விட்டது. நான் செய்த தவறா?

மீட்டவர்கள் கேட்பவற்றில் முதலில் நிற்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கிடைத்தால், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் வேகமாகச் செல்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் அளவு சரிந்து தசை தளரும், இதயம் தடுமாறும். முதல் பெரிய சாப்பாட்டுக்குச் சில நாள் கழித்து, எல்லோரும் நிம்மதி அடைந்திருக்கும் நேரத்தில், சாவு வரும். முதலில் வெப்பம், பிறகு சில நாள் நீர்ச்சத்து, அதன் பிறகே சிறுகச் சிறுக உணவு என்ற வரிசை இதனால்தான் வந்தது. இந்த வரிசை தெரியாமல் பசித்த வாய்க்கு உணவு கொடுத்தவர் அலட்சியக்காரர் அல்ல. உயிரைத் தேய்த்தது அதற்கு முந்தைய பட்டினி. அடுத்து ஒன்றை எடுத்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பழையதைத் தண்டனையாகச் சுமக்க வேண்டியதில்லை.

வேறு பல சமயம் உணவுக்குச் சம்பந்தமே இருக்காது. கால்சியமும் டி3 வைட்டமினும் யுவிபியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பல்லிக்குத் தாடையும் முதுகெலும்பும் வளைந்திருப்பது வெளியே தெரியும். நீர் போதாமல் பழுதான சிறுநீரகம் வெளியே தெரியாது. ஊர்வனவற்றின் சிறுநீரகம் பெரும்பகுதி செயலிழந்த பிறகே அறிகுறி காட்டும். உறுப்புகளிலும் மூட்டுகளிலும் யூரிக் அமிலம் படியும் கௌட் நோயும் அப்படித்தான். உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே முடிவு பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தது என்பதை உடற்கூறாய்வு அறிக்கைகள் அடிக்கடி காட்டுகின்றன. அறிக்கையில் "நாள்பட்ட" என்று குறித்திருந்தால் அது நேற்று தொடங்கியதல்ல என்று அர்த்தம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில சாவுகளுக்கு வளர்த்தவரின் பிழைதான் காரணம். தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப்பாய், பியர்டட் டிராகனுக்குக் கொடுத்த மின்மினிப் பூச்சி (ஒன்றே கொல்லும்), வெளிச்சம் வருகிறதே என்று மாற்றாமல் விட்ட யுவிபி விளக்கு போன்றவை. கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே யுவிபி தேய்ந்துபோகும். அப்படி ஒன்று நடந்திருந்தால் "உன் தப்பு இல்லை" என்று நாலு பேர் சொல்வது உள்ளே இறங்காது. நடந்ததை ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை ஒரு பக்கமும், இன்று என்ன தெரியும் என்பதை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால் பலருக்கும் பாரம் கொஞ்சம் இறங்குகிறது.

நோயை முன்பே கவனித்திருக்க வேண்டாமா?

ஊர்வன நோயை மறைக்கும். காட்டில் பலவீனம் காட்டினால் இரையாகிவிடும் என்பதால் வந்த பழக்கம். சோர்வும் உணவு மறுப்பும் சட்டை உரிக்கும் காலத்திலும் முட்டைக் காலத்திலும் குளிர்காலத்திலும் இயல்பாகவே வரும். அதையே நோய் என்று எப்படிப் பிரிப்பது? முன்கூட்டிக் காட்டும் ஒரே பொருள் எடைத்தராசு. மற்றபடி அனுபவசாலிகளும் தவறவிடுகிறார்கள்.

கருணைக்கொலைக்கு ஒப்புக்கொண்டேன். ஊசிக்குப் பிறகும் உடல் அசைந்தது. வலித்திருக்குமா?

முறையாகச் செய்யும்போது முதலில் மயக்க மருந்து, நினைவு முழுதும் போன பிறகு உயிரை நிறுத்தும் பென்டோபார்பிட்டால் மருந்து. வளர்சிதை மாற்றம் மெதுவாக இருப்பதால் மருந்து வேலை செய்ய நேரமாகும். உடல் குளிர்ந்திருந்தால் இன்னும் நேரமாகும். அதன் பிறகு வரும் தசைத் துடிப்பு தண்டுவட அனிச்சைதான், உணர்வல்ல. மூளை முழுதும் செயலிழந்ததை உறுதிசெய்ய, மயக்கத்துக்குப் பின் மருத்துவர் மூளையை ஊசியால் அழிப்பதும் உண்டு. அது விதிப்படி செய்வதுதான். தலையில் சிறு துளையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அவசரப்பட்டுவிட்டேனோ என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. தாமதித்தவர்களுக்கு நேர்மாறான எண்ணம் வருகிறது. எந்த நாளைத் தேர்ந்திருந்தாலும் இரண்டில் ஒன்று வந்தே இருக்கும்.

பழைய அறிவுரைப்படி, சாகட்டும் என்று உயிரோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

ஒரு காலத்தில் இதுதான் வலியில்லாத வழி என்று பரவலாகச் சொல்லப்பட்டது. இப்போது கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்கள் இதை ஏற்பதில்லை, இனி யாரும் செய்ய வேண்டாம். ஆனால் செய்துவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. 2015இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, முதலில் குளிர்வித்துப் பிறகு உறையவைத்த கரும்புத் தேரைகளின் மூளையை அளந்து பார்த்ததில் வலிக்கான அறிகுறி தென்படவில்லை. அது தேரையில் பார்த்தது, ஊர்வனவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நீங்கள் மனதில் ஓட்டிப்பார்க்கும் காட்சி உறுதியான உண்மை என்றும் சொல்ல முடியாது.

"ஒரு பல்லிக்கா இப்படி அழுகிறாய்?" என்கிறார்கள். என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஏற்காத துக்கத்தைப் பற்றி துக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980களிலிருந்தே எழுதியிருக்கிறார். செல்லப் பிராணியின் இழப்பு அதில் அடங்கும். ஊர்வன என்றால் ஏளனம் இன்னும் ஒரு படி கூடும். பாம்பு என்று சொன்னதுமே முகம் சுளிப்பவரிடம் ஆறுதலை எதிர்பார்ப்பது வீண். அலுவலகத்தில் விடுப்பு வேண்டுமென்றால் "வீட்டில் ஒரு இழப்பு" என்பதே போதும். இனத்தின் பெயரைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஊர்வன வளர்க்கும் ஒருவரிடம் பேசுங்கள். கையில் இருந்து தின்ன எத்தனை மாதம் ஆனது என்று சொன்னால் அதன் அருமை அவருக்குத் தெரியும்.

அதற்கு என்னை அடையாளமாவது தெரிந்திருக்குமா?

பாசம் என்று மனிதர் சொல்வது அதனிடம் இருந்ததா என்பதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. ஆனால் "ஊர்வனவுக்கு ஒன்றும் தெரியாது" என்பது தவறு. அன்னா வில்கின்சன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்புக்கால் ஆமைகள் இன்னொரு ஆமை வேலியைச் சுற்றிப் போவதைப் பார்த்தே வழியைக் கற்றுக்கொண்டன. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் பிக்ஃபேஸ் என்ற நைல் மென்னோட்டு ஆமை தன்னையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. பந்தும் வளையமும் கொடுத்ததும் அவற்றோடு விளையாடத் தொடங்கியது, காயம் குறைந்தது. விலங்கு நடத்தை ஆய்வாளர் கார்டன் பர்கார்ட் இதை ஆராய்ந்து எழுதினார்.

மீட்கப்பட்ட விலங்கிடம் பார்க்க வேண்டியது வேறு. கை நீட்டினால் சீறியது, பிறகு சீறாமல் இருந்தது. ஒளிந்திருக்கும் இடத்தை விட்டு வராதது, நீங்கள் இருக்கும்போதே வெளியே படுத்தது. ஊர்வனவிடம் பயம் விலகுவது சின்ன விஷயம் இல்லை, உங்களிடம் அது விலகியது.

குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

"செத்துப்போச்சு" என்றே சொல்லுங்கள். "தூங்குது" என்று சொல்லாதீர்கள். மற்ற விலங்குகளுக்கே இது நல்லதல்ல. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து பிறகு எழுந்த ஆமையைப் பார்த்த குழந்தை, இந்த முறையும் எழும் என்று உண்மையாகவே காத்திருக்கும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி பசிக்காது, குளிராது, எழாது என்று விளக்குங்கள். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவச் செய்யுங்கள். சால்மொனெல்லா உடலிலும் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புதைப்பதா, எரிப்பதா?

பென்டோபார்பிட்டால் போட்டிருந்தால் எரிப்பதே நல்லது. மருந்து உடலில் நெடுங்காலம் தங்கும், தோண்டித் தின்னும் நாயோ பறவையோ சாகும். இயற்கையாக இறந்ததைப் புதைக்கலாம், சொந்த நிலத்தில் புதைக்க உள்ளூர் விதி அனுமதித்தால். 60 முதல் 90 சென்டிமீட்டர் ஆழம், கிணற்றிலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் தள்ளி, பிளாஸ்டிக் இல்லாமல் துணியிலோ அட்டைப்பெட்டியிலோ. மேலே ஒரு கனமான கல். தொற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் காட்டு ஆமைகளும் பல்லிகளும் திரியும் இடத்தில் புதைக்காதீர்கள்.

எரிக்கக் கொடுக்கும்போது தனியாக எரிப்பதா, மற்றவற்றோடு சேர்த்தா என்று கேளுங்கள். சிறிய கெக்கோவின் சாம்பல் ஒரு தேக்கரண்டிகூட வராது, அதனால் தனித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். சாம்பல் கிண்ணத்தைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று உடைந்துபோனவர்கள் உண்டு. முன்பே தெரிந்திருப்பது நல்லது.

நினைவாக எதை வைத்துக்கொள்ளலாம்?

உரித்த சட்டை இருந்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை. வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நனைத்து, விரித்து, உறிஞ்சும் காகிதங்களுக்கு நடுவே புத்தக பாரம் வைத்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். முழுதும் காய்ந்த பிறகே கண்ணாடிச் சட்டத்தில் மூடுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். காற்றில் காயும் களிமண்ணில் பாதத் தடம் எடுப்பதாக இருந்தால் விறைப்பு வருமுன் எடுத்துவிடுங்கள்.

ஆமையோட்டை வைத்துக்கொள்ளும் முன் சட்டத்தைப் பாருங்கள். 1975 முதல் நடைமுறையில் உள்ள, அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை பட்டியலிட்ட இனங்களின் உடல் பாகங்களுக்கும் பொருந்தும். நாட்டு எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். உள்நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையாகவும் இருக்கலாம். வளர்க்க உரிமம் பெற்றிருந்தால் இறப்பையும் பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.

கூண்டையும் மீந்த தீவனத்தையும் என்ன செய்வது?

அவசரமே இல்லை. நேரம் வைத்த விளக்கு மட்டும் காலையில் தானாக எரியும். வெற்றுக் கூண்டில் வெளிச்சம் விழுவதைப் பார்ப்பது பலருக்கு முதல் நாளைவிடக் கொடுமையாக இருக்கிறது. முதல் இரவே டைமரை அணைத்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும்போது முதலில் சோப்பு, பிறகுதான் ப்ளீச். அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, வெயிலில் உலர்த்துங்கள். கிரிப்டோஸ்போரிடியம் மட்டும் ப்ளீச்சுக்கு மசியாது. அதற்குக் கொதிநீரும் நீராவியும்தான். ப்ளீச்சோடு அம்மோனியாவைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். மரக்கட்டை, தக்கைப் பட்டை, மண் ஆகியவற்றைத் தூக்கி எறியுங்கள். பாதரசம் உள்ள யுவிபி குழல் விளக்குகளை மட்டும் அதற்கான சேகரிப்பு இடத்தில் கொடுங்கள்.

கூண்டுக்குள் போகாத பூச்சிகளை வேறு வளர்ப்பாளருக்குக் கொடுக்கலாம். உள்ளே விட்டு மீந்ததைக் கொடுக்கக் கூடாது, ஒட்டுண்ணியைச் சுமக்கும். வெளியே திறந்துவிடவும் வேண்டாம்.

கூடவே இருந்த இன்னொன்று துக்கப்படுமா?

பெரும்பாலான பாம்புகளுக்கும் கெக்கோக்களுக்கும் அப்படி எந்த அறிகுறியும் இல்லை. இடம் கிடைத்ததென்று நன்றாகத் தின்னவும் தொடங்கலாம், அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். விதிவிலக்குகளும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் புல் 1982இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், தூங்குமூஞ்சிப் பல்லிகள் ஆண்டுதோறும் அதே இணையைத் தேடிவந்தன. சில ஜோடிகள் இருபது ஆண்டுக்கு மேல் சேர்ந்திருந்தன. எப்படியானாலும் மிச்சமிருப்பது சாப்பிடாமல் போனால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அதே நோய் தொற்றியிருக்கலாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், எச்சத்தைச் சோதனைக்குக் கொடுங்கள்.

எத்தனை நாள் இப்படி இருக்கும்? எப்போது இன்னொன்றை எடுக்கலாம்?

நாள் குறிக்க முடியாது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, வேலையே செய்ய முடியாமல் போனாலோ மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றே யாரிடமாவது சொல்லி மருத்துவ உதவி பெறுங்கள். காரணம் பல்லி என்பதால் வெட்கப்பட வேண்டாம்.

அடுத்ததைப் பொறுத்தவரை, உடற்கூறாய்வு முடிவு வரும்வரை பொறுங்கள் என்பது மட்டும் கண்டிப்பு. தொற்று என்றால் பழைய கூண்டில் அதே வகையை விடக் கூடாது. புதிதாக வருவதைக் குறைந்தது 90 நாள் தனி அறையில், தனி இடுக்கி, தனி தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். அதே நிறம், அதே இனம் என்று தேடுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருப்பது புதிதாக வரும் விலங்குக்கு நல்லது.

எங்கிருந்து எடுத்தேனோ அந்த மீட்பு மையத்துக்குச் சொல்ல வேண்டுமா? திட்டுவார்களோ?

சொல்லுங்கள். ஒரே வீட்டிலிருந்து மீட்கப்பட்ட மற்றவை வேறு வேறு வீடுகளுக்குப் போயிருக்கும், உங்கள் அறிக்கையில் உள்ள நோய் அவற்றிடமும் இருக்கலாம். அறிக்கையின் நகல், எடைக் குறிப்பு, எடுத்த தேதி மூன்றையும் அனுப்பினால் அவர்கள் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்லிச் சோதனை செய்யச் சொல்ல முடியும். பேச மனமில்லை என்றால் எழுத்தில் நாலு வரி போதும்.